இரண்டு டயரிலும் காற்றில்லை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கேட்டுக்குள் நுழைந்ததும் கண் முதலில் போனது சைக்கிளிடம்தான். மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்து நிற்கிறது. அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். கேட்டால், "தூசி படியுமல்ல" என்கிறார். ஏழு வருடமாகப் படியாத தூசி நான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளில் படிந்துவிட்டதாம்.

எழுதச் சொன்னது ஜெசிந்தா. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சைக்கிள் ஓட்டுகிறவள். "நீங்க சும்மா உக்காந்திருந்தா உங்க வாய் வர்றவங்க போறவங்களையெல்லாம் கடிச்சு வைக்கும்க்கா. அதுக்கு எழுதித் தொலைங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மகள் யாழினிக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு வீடு பிடித்து, குக்கர் முதல் கோலமாவு வரை வாங்கிக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் கோயமுத்தூர் திரும்பினேன். வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பயந்து தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் தூங்குகிறாளே என்று எழுந்து நிற்கவும் இல்லை. வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. சுளுக்கு என்று நினைத்தோம். இவர் மூன்று நாள் தைலம் போட்டு நீவிவிட்டார். பம்ப் கம்பெனியில் ஸ்பேனர் பிடித்துப் பழகின கை, நீவினால் உயிர் போய் உயிர் வரும். வீக்கம் தொடைக்கு ஏறின பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், காலுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் அருள்மொழி, சின்ன வயசுப் பெண்தான், எதையும் இரண்டு தரம் சொல்கிறவர். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதில் வரும் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி மறுபடி வரும், கூடினால் சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது. நன்றாக நடக்க வேண்டும். கீரை வேண்டாம், அது மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

"சைக்கிள்?" என்றேன்.

"அளவு ஒரே சீரா நிக்கட்டும்மா. அப்புறம் பேசலாம். ஒரே சீரா நிக்கட்டும்."

இவர் என் பின்னால் நின்றுகொண்டு டாக்டரைவிடப் பெரிதாகத் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 23, சனி

காலுக்கு ஒரு இறுக்கமான நீளக் காலுறை கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள் திணிக்கிற வேலை அது. பாதி முழங்காலில் சிக்கிக்கொண்டபோது இவரைக் கூப்பிட்டேன். வந்தார், காலைப் பார்த்தார், "அடுப்புல பால் இருக்குது" என்று திரும்பிப் போய்விட்டார்.

அடுப்பில் பால் இல்லை. கட்டிலிலிருந்தே எனக்கு அடுப்பு தெரியும்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இவர்தான் செய்தார். கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கின நாளிலிருந்து சமையலறை இவருடையது. நாச்சிமுத்துவின் சமையலறை என்று போர்டு மாட்டாத குறை.

வீட்டில் கீரைக்குத் தடை உத்தரவு. பொரியல், கடைசல், மசியல் எதுவும் கிடையாது. கீரைக்காரம்மா குரல் கேட்டால் இவரே கேட்டுக்குப் போய், "டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க, போயிட்டு வாங்" என்று அனுப்பிவிடுகிறார். இந்த விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதரை நான் பார்த்ததில்லை.

கூடவே, ரத்தம் சம்பந்தப்பட்ட சீக்கு என்றால் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று இவருக்கு ஒரு சித்தாந்தம். தினமும் விடியற்காலை ஒரு பெரிய டம்ளரில் சூப். பின்பக்கத்து முருங்கையில் கொழுந்தாக ஒடித்து, சின்ன வெங்காயம், மிளகு, சீரகத்தோடு வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, ஒரு உருண்டை வெண்ணெய் போட்டுத் தருகிறார். ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைக் குடித்துத்தான் தெம்பாக இருக்கிறார்களாம். குடிக்க நன்றாகவே இருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் டம்ளர் அண்டாவாகிவிடும்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒன்று புள்ளி மூன்று. போதாது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் டாக்டர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு வாசலில் ஜெசிந்தாவின் மணிச் சத்தம். ஹெல்மெட்டோடு நின்றாள். "பேரூர் வரைக்கும் போறேன்க்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். "உன் தலை" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தெரு முனையில் அவள் எழும்பி நின்று மிதித்துத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, இருந்தால் என்ன.

எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவள்தான். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடையாது. பள்ளிக்கூடம் போனது அப்பாவின் பின்னால், காலேஜுக்கு டவுன் பஸ், கல்யாணத்துக்கு அப்புறம் இவர் பைக்கின் பின் சீட்டு. இத்தனை வருடம் போன இடமெல்லாம் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். நானே திருப்பி, நானே பிரேக் பிடித்த முதல் வண்டி அந்த நீல சைக்கிள். ஆபீஸில், "தமயந்தி மேடத்துக்கு இந்த வயசுல எதுக்கு இது?" என்று கேட்டார்கள். மறுநாள் சைக்கிளிலேயே ஆபீஸுக்குப் போய் அவர்கள் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நிறுத்தினேன்.

அதை விடுவதாக இல்லை. அளவு ஏறட்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

ஒன்று புள்ளி நாலு. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாத்திரைய மறக்காம போடறீங்களாம்மா? மறக்காம?" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு நாள் கூடத் தவறவில்லை. "கீரை ஏதாவது?" என்றார். "கண்ணுலயே காட்டறதில்லைங்க" என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார். மாத்திரை மறுபடி கூடியது.

வீட்டுக்கு வந்ததும் இவர் ரொம்ப நேரம் யோசித்தார். சாயங்காலத்திலிருந்து சூப் இரண்டு வேளை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இவர் தன் ஸ்பேனர் பெட்டி, மிக்ஸி, பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். சைக்கிளை மட்டும் தாண்டிப் போனார். "அது என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்றேன். பெட்ஷீட்டைப் பாதி விலக்கி ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மூடிவிட்டார். "பேசாம யாழினிக்கு அனுப்பி வெச்சர்லாமா? அந்த ஊர்ல ஓட்டுவாளல்ல" என்று பொரிகடலை தின்றுகொண்டே சொன்னார், தயிர் வாங்கி வரட்டுமா என்று கேட்கிற குரலில். நான் போய் பெட்ஷீட்டை உருவி, மடித்து, பீரோவில் வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு புள்ளி ஒன்று! மாத்திரை என்னவோ கைநிறையப் போடுகிறேன், ஆனாலும் கோட்டைத் தொட்டாயிற்று. "சூப்பு வேலை செய்யுது பாத்தியா?" என்றார் இவர். மறுக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. யாழினி வந்திருக்கிறாள். முறுக்கு கருகிவிட்டது, எல்லோரும் தின்றோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

தாராபுரத்தில் இவர் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. மோட்டார் மாட்டுவது, குழாய் வேலை எல்லாம் அண்ணன்தான் முன்னால் நின்று செய்ய வேண்டுமாம். ஒரு வாரம் ஆகும். நான் ஆபீஸுக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டதால் கூடப் போக முடியவில்லை. பஸ் ஏறும்வரை சூப் பாடம் நடத்தினார், கொழுந்து எது, முற்றல் எது, எத்தனை மிளகு. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன்.

பஸ் கிளம்பியது. ஒரு வாரத்துக்கு ஃபில்டர் காபி.

நவம்பர் 1, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு நாளாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பிரஷ் பழசு என்று நினைத்தேன். நேற்று கையில் ஒரு நீலத் திட்டு, எங்கே இடித்தேன் என்றே ஞாபகம் இல்லை. இன்று காலை வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக நிற்காமல் வந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அவள் ஆட்டோவோடு வந்தாள். போகும்போதே இவருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

ரத்த அளவு ஆறைத் தாண்டியிருந்தது. இரண்டுக்கே முக்கி முனகின அளவு. டாக்டர் முகத்தில் இன்று சிரிப்பில்லை. மாத்திரையை உடனே நிறுத்தினார். தலையில் அடிபட்டதா, வாந்தி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். "சாப்பாட்டுல என்னம்மா மாத்துனீங்க? இந்த ஒரு வாரத்துல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலையே டாக்டர்."

"முன்னாடி கீரை சாப்பிட்டுட்டு இப்ப நிறுத்தினீங்களா?"

"கீரையைத் தொட்டு மூணு மாசமாச்சு!"

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு இவர் வந்தார். தாராபுரத்திலிருந்து கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு ஃபிளாஸ்க். என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமுங் டாக்டர். இவ ஒரு வாரமா குடிக்கல, அதான் இப்படி. நான் அங்கிருந்தே வெச்சுக் கொண்டாந்துட்டேன்." சொல்லிக்கொண்டே மூடியில் ஊற்றி என் வாய்க்குக் கொண்டுவந்தார். ஆவி பறந்தது.

"என்னது இது?" என்றார் டாக்டர்.

"சூப்புங்."

"என்ன சூப்?"

"முருங்கக்கொழுந்துங். தங்கச்சி ஊட்டு மரம். மருந்தே அடிக்காத மரமுங்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக, எத்தனை வேளை என்று கேட்டார். இவர் பெருமையாகவே ஆரம்பித்தார், பாதியில் குரல் தேய்ந்துவிட்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இரண்டு மாதமாகக் கீரை ஒரு பக்கம் மாத்திரையை அமுக்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனோம். கீரை நின்ற வாரத்தில் அத்தனை மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டது.

"நான் கேட்டப்பல்லாம் கீரை இல்லைன்னீங்களே!"

"கீரை இல்லீங்களே டாக்டர்," என்றேன், எனக்கே என் குரல் விநோதமாக இருந்தது. "இது சூப்."

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். தட்டில் போட்டுச் சோற்றோடு பிசைந்தால்தான் கீரை. டம்ளரில் வந்தால் அது மருந்து. ஜெசிந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. டாக்டருக்கும் உதடு துடித்தது. நானும் சிரித்துவிட்டேன், ஈறு வலித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. ஃபிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

நவம்பர் 5, புதன்

ரத்தக் கசிவு நின்றுவிட்டது. அளவு இறங்கிவிட்டது. குறைந்த மாத்திரையில் புதிதாக ஆரம்பிக்கிறோம்.

இவர் சமையலறைக்குள் வரவே இல்லை. நாலு நாளாக நான்தான் சமைக்கிறேன். சாம்பார் என்று ஒன்றை ஊற்றினேன். "நல்லாருக்குது" என்று சாப்பிட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினால் அரை மணி நேரம் பேசுவார். "ஏனுங்க, சூப்பு ஒரு டம்ளர் கெடைக்குமா?" என்று சீண்டிப் பார்த்தேன். எழுந்து போய் முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு புள்ளி நாலு.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு புள்ளி ஐந்து. நானும் ஜெசிந்தாவும் லேப் வாசலிலேயே கையைத் தட்டிக்கொண்டோம்.

டிசம்பர் 4, வியாழன்

மறுபடியும் இரண்டு புள்ளி ஐந்து. டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, ஸ்கேனையும் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஓட்டலாம்மா. சமதரை, கூட்டமில்லாத இடம், ஹெல்மெட். மெதுவா. விழாம பாத்துக்கணும், மாத்திரை இன்னும் போகுதில்ல, விழாம பாத்துக்கணும்."

"சரிங்க டாக்டர்" என்றேன். நான் எதிர்பார்த்த மாதிரி சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் இவர் பஸ் ஸ்டாப் வரை எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். நானும் எட்டிப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலனிப் பள்ளி மைதானத்தில் ஆறரைக்கு வந்து நிற்பதாக ஜெசிந்தா சொல்லியிருந்தாள். சைக்கிளைத் தள்ளினால் பின் டயரில் பொட்டுக் காற்றில்லை. தள்ளிக்கொண்டு போகலாம்தான், வழியில் ஒருவேளை ரிம் கெட்டுப்போகுமே. போகவில்லை. ஏமாற்றமாக இருந்தது என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பஞ்சர் கடையில் கொடுத்தேன். தண்ணீரில் டியூபை முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டையே இல்லீங்கக்கா, வால்வும் சுத்தமா இருக்குது" என்றார் கடைக்காரர். முன் டயரையும் பார்க்கச் சொன்னேன். அதுவும் புதுசு மாதிரி இருக்கிறதாம். இரண்டிலும் காற்றடித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

முன் டயரில் காற்றில்லை. என்ன செய்வது? ஜெசிந்தாவுக்கு போன் செய்து சொன்னேன். பிறகு இட்லி ஊற்றினேன், இன்று பஞ்சு மாதிரி வந்திருந்தது. நாலு சாப்பிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "ஒரு வாரம் பின்னால, ஒரு வாரம் முன்னால. ஓட்டை இல்லாம காத்து போகுது. இதுக்கும் டாக்டர் அருள்மொழிகிட்டதான் காட்டணுமாக்கா?" என்றாள். இவரைப் பார்த்தாள். இவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். என்னைப் பார்த்தாள். "காபி போடறேன்" என்று எழுந்தேன்.

டிசம்பர் 20, சனி

மணி ஐந்தரை இருக்கும். கடைக்குப் போய் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மாடிப்படிக்கு அடியில் இவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரல் பின் சக்கரத்து வால்வின் மேல். உஸ்ஸென்று சத்தம்.

"என்னங்க பண்றீங்க?"

"காத்து சரியா இருக்குதான்னு..." உஸ் நிற்கவில்லை. விரலை எடுக்கவும் மறந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கறிவேப்பிலைப் பையைக் கீழே போட்டுவிட்டு படியில் உட்கார்ந்து சிரித்தேன். இவர் முழித்தார். "போன வாரம் முன் டயரையும் நான்தான்னு நினைச்சுக்காதே அம்மிணி. சத்தியமா அது நானில்லை" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். "அது நான்."

சொன்ன பிறகு சிரிப்பு போய்விட்டது. சொல்லிவிட்டதால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம். சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது என்றார்களே, வாய் கொப்பளித்த தண்ணீர் சிவந்து வந்ததே, அதற்கு அப்புறம் அந்த சைக்கிளில் ஏற மனம் வரவில்லை. விழுவது போலவே தோன்றுகிறது. ஜெசிந்தாவிடம் வீறாப்பு, ஆபீஸில் வீறாப்பு. சனிக்கிழமை சாயங்காலம் போய் யாருக்கும் தெரியாமல் வால்வை அழுத்துகிறவளும் நான்தான்.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில சேத்தப்ப டாக்டரம்மா என்னையத் தனியா வெளிய கூப்ட்டாங்க. வீங்கின கால அப்படி அழுத்தி நீவியிருக்கக் கூடாதுன்னாங்க. கட்டி ஒடஞ்சு நுரையீரலுக்குப் போயிருந்தா ஆளே..." செயினை விரலால் சுரண்டினார். "மூணு நாள் நீவுனேன் தமயந்தி. வலிக்குது வலிக்குதுன்னு நீ சொன்னே. சித்த பொறுத்துக்கோன்னு இன்னும் அழுத்துனேன். பொறகு சூப்பு. என்ற கை பட்டதெல்லாம் உனக்கு ஆபத்தாவே முடியுது. சைக்கிள நீ எடுத்தா தடுக்கவும் எனக்கு வாய் வரல. காத்த எறக்கிட்டா ஊட்லயே இருப்பேன்னு..."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு மாதமாக இந்த மனுஷன் என் காலைத் தொடவில்லை. வீங்கிப்போன காலைப் பார்க்க அருவருப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதக்கூட என்னை ரோஷம் விடவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

படியில் இரண்டு படி இறங்கி உட்கார்ந்து, இடது காலை நீட்டி அவர் மடியில் வைத்தேன். பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"நீவ வேண்டாமுங்க. சும்மா கைய வைங்க."

ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு வைத்தார். காலுறைக்கு மேலேயே கையின் சூடு தெரிந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இருட்டுவதற்குள் இவர் பம்பைக் கொண்டுவந்து இரண்டு டயருக்கும் காற்றடித்தார். நான் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி ஆனதும் போதும் என்றேன். இன்னும் நாலு அடி அடித்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

மைதானத்தில் பனி இருந்தது. ஜெசிந்தா எங்களுக்கு முன்னாலேயே வந்து கேட்டருகே தன் சைக்கிளில் சாய்ந்து நின்றாள். எங்கள் இரண்டு பேரையும், டயர் இரண்டையும் பார்த்துவிட்டு, என் ஹெல்மெட் பட்டையை மட்டும் இழுத்துச் சரிபார்த்தாள்.

சீட்டில் உட்கார்ந்தேன். வலது கால் தரையில், இடது கால் பெடலில். அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, பின்னால புடிச்சுக்கறீங்களா?" என்றேன். ஏழு வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டபோதுகூட இவரிடம் அப்படிக் கேட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரைப் பிடித்தார்.

மிதித்தேன். முதல் மிதியில் கெண்டைக்கால் இறுகியது. இரண்டாவதில் இளகியது. சக்கரம் உருண்டது. பின்னால் இவர் ஓடிவருகிற செருப்புச் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். கோல் போஸ்ட் வரை வந்துவிட்டோம்.

"விடுங்க!"

"சித்த இரு!"

"விடுங்கன்னா!"

"இந்தா விட்டர்றேன், இந்தா..." விடவில்லை. கேரியர் இழுத்தது. பிரேக்கைப் பிடித்து நின்றேன். இவர் கேரியரின் மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"நீங்க புடிச்சிருந்தா இது உங்க வண்டிங்க. நான் எப்ப ஓட்டறது?" என்றேன்.

"விழுந்தீன்னா?"

"விழுந்தா ஜெசி இருக்கா, ஆட்டோ இருக்குது, டாக்டரம்மா இருக்காங்க. நீங்க இருக்கீங்க."

தலையைக் குனிந்துகொண்டார். விரல் ஒவ்வொன்றாகக் கேரியரை விட்டது. திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.

முதலில் ஹேண்டில்பார் ஆடியது. பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போனேன், வேப்ப மரத்தைத் தாண்டினேன், வளைவு வந்தது. வளைத்தேன். வளைந்தது! முகத்தில் குளிர்ந்த காற்று வந்து அடித்தது. சத்தமாக ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, ஜெசிந்தா மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மணியை விடாமல் அடித்தாள். பாதி மைதானம் தாண்டின பிறகுதான் கவனித்தேன், எந்தக் கால் எது என்றே நினைக்காமல் மிதித்துக்கொண்டிருக்கிறேன். முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலேயே நிற்கிற இவருக்கு முன்னால் பிரேக் போட்டேன்.

"எப்படி?" என்றேன். மூச்சு வாங்கியது, சிரிப்பை அடக்க முடியவில்லை.

இவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க, வளைவுல எப்படித் திருப்புனேன்?"

"பாக்கல அம்மிணி."

"என்னது?"

"விட்டதும் கண்ண மூடிட்டேன். இப்ப நீ பிரேக் போட்ட சத்தம் கேட்டுத்தான் தொறந்தேன்." மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, என்னை நேராகப் பார்த்தார்.

"இன்னொரு சுத்து போயிட்டு வா. இந்த வாட்டி பாக்கறேன்."